மலையில் ஒரு ராத்திரி... கேட்டுட்டு ஏறுங்க!

நாள் பூரா தறிச் சத்தத்திலும் அடுப்படியிலும் கிடக்கும் ஆரணிப் பெண்கள் ஒரு ராத்திரி மலையில் தங்க, ஊட்டி, கொடைக்கானல்தான் போகணும் என்றில்லை. போளூர் போய் பஸ் மாறினால் தென்மாதிமங்கலம். அங்கேதான் பர்வதமலை அடிவாரம்.

உயரம் 4,500 அடிக்கு மேல். முதலில் படி, பிறகு கரடுமுரடான காட்டுப் பாதை. கடைசியில் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏறணும். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். பௌர்ணமி ராத்திரி ஏறி, மேலே தங்கி, விடிந்ததும் இறங்குவது பழைய வழக்கம்.

ஆனால், 'எல்லாரும் போறாங்களே' என்று கிளம்பிவிடாதீங்க தோழியரே! 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெண்கள்தான் அதிகம். அதன் பிறகே மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது.

அதனால், 'எத்தனை மணி வரை ஏறலாம்? ராத்திரி தங்க அனுமதி உண்டா?' என்று வனத்துறையிடம் முதலிலேயே கேளுங்க. கோடையில் தீ பயம். மழையில் பாறை வழுக்கும், ஓடையில் திடீர்னு வெள்ளம் வரும். மழை விட்ட தை மாசம்தான் தோது.

சேலை காலைத் தடுக்கும், சுடிதார் போடுங்க. புளிசாதம், ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, டார்ச், போர்வை அவசியம். சாப்பாட்டுப் பையைக் குரங்கு கண்ணில் காட்டாதீங்க!

தங்க அனுமதி இல்லையா? விடியக்காலையில் ஏறி, பொழுது சாயறதுக்குள் இறங்கிடுங்க. மலை எங்கேயும் ஓடிப்போகாது; வீட்டில் பிள்ளைங்க காத்திருக்கும்.

- ஒரு வாசகி, ஆரணி.