சாடியிற் குறுமரம் வளர்த்தல்

மதிலிலும் கிணற்றுக் கட்டிலும் முளைக்கும் ஆல், அரசு ஆகியவற்றின் கன்றுகளைக் கமக்காரர் பிடுங்கி எறிவது வழக்கம். சுவரைப் பிளக்கும் அக்கன்றுகளை அகற்றுதல் அவசியமே. ஆயினும், வேர் சிதையாது எடுத்த கன்றொன்றை முறையாகப் பேணின், அது ஓரடி உயரத்தில் முதுமரத்தின் தோற்றத்தைத் தரும் குறுமரமாகும். சீனாவில் தோன்றி யப்பானிற் செம்மையடைந்த இக்கலை போன்சாய் எனப்படும். தட்டத்தில் நட்டது என்பது அதன் பொருள்.

பட்டினியிட்டால் மரம் குறுகும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. தளிரையும் வேரையும் காலத்துக்குக் காலம் கத்தரிப்பதனாலேயே மரம் குறுகி நிற்கின்றது. உணவும் நீரும் குறையின் அது நலிந்து பட்டுப்போகும். 1625ஆம் ஆண்டு முதல் சாடியிற் பேணப்பட்ட யப்பானிய வெண்பைன் ஒன்று, 1945இல் ஹிரோஷிமாவில் வீழ்ந்த அணுகுண்டுக்கும் தப்பி, 1976இல் ஐக்கிய அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தவறாது பேணியமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

கன்றும் மண்ணும்

ஆல், அரசு, இத்தி, புளி, காகிதப்பூ என்பன புதியவர்க்கு ஏற்றவை. செம்மண், பருமணல், நன்கு மக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து, நுண்தூளை அரித்து நீக்குக. வயற் களிமண் நீரைத் தேக்கி வேரை அழுகச் செய்யுமாதலால் ஆகாது. சாடியின் அடியில் துளைகள் இருத்தல் வேண்டும். முதலாண்டில் ஆழமான சாடியில் நட்டு, தண்டு பருக்க விடுங்கள்.

கத்தரித்தலும் கம்பி சுற்றுதலும்

இரண்டாம் ஆண்டில், குறுக்கே செல்லும் கிளைகளை நீக்கி, நீளும் தளிர்களில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டுக் கிள்ளுக. கிளையை வளைப்பதற்கு, அதன் பருமனில் மூன்றிலொரு பங்குடைய அலுமினியக் கம்பியைச் சரிவாகச் சுற்றி மெதுவாக வளைக்க. வாரந்தோறும் பார்த்து, கம்பி பட்டையில் அழுந்துமுன் வெட்டி எடுத்துவிடுக.

ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்கும் காலத்தில், மரத்தைக் கிளப்பி, வேரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாது கத்தரித்துப் புதுமண்ணில் நடுக. ஆழங் குறைந்த தட்டத்துக்கு மாற்றுவதும் இவ்வேளையிலேயே. பிடுங்கி நட்ட நெல் நாற்று சில நாள் மஞ்சளித்து நின்றே வேர்பிடிக்கும், மரமும் அவ்வாறே. ஆதலால் இரண்டு மூன்று வாரம் நிழலில் வைக்க. வேர் வெட்டுதலையும் கம்பி சுற்றுதலையும் ஒரே வேளையிற் செய்யற்க. புதியவர்களின் மரங்கள் பட்டுப்போவது பெரும்பாலும் இவ்வவசரத்தினாலேயாம்.

நீரும் பசளையும்

மேல்மண் உலரத் தொடங்கியதும், அடித்துளை வழியே வடியும்வரை நீரூற்றுக. கோடையில் தட்டம் ஒரே நாளில் வரண்டுவிடும். அன்று மறந்தால் பல்லாண்டு உழைப்பு வீணாகும். சாடியின் கீழ்த் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்பு அதிற் பெருகும். தளிர்விடுங் காலத்தில் நீர்த்த பசளையைச் சிறிது சிறிதாக இடுக. வெயிலும் காற்றும் படும் முற்றமே இம்மரத்துக்கு உகந்த இடம். வீட்டினுள்ளே நெடுநாள் வைத்தல் ஆகாது.

முதன்முறை மூன்று கன்றுகளை நடுங்கள். ஒன்று பட்டாலும், எஞ்சியவற்றைக்கொண்டு தொழிலைக் கற்றுக்கொள்ளலாம்.