தழும்பு காட்டாத இடம்

மார்பகத்தில் கட்டி என்றவுடன் மார்பகம் முழுவதையும் அகற்றியே தீரவேண்டும் என்று நம் குடும்பங்களில் பலர் இன்றும் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தால் மருத்துவரிடம் செல்லாது நாள் கடத்தும் தாய்மாரும் உளர். தொடக்க நிலையிலுள்ள பலருக்குக் கட்டியையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியையும் மட்டும் நீக்கி, பின்னர் கதிர்வீச்சு அளிப்பதே போதுமானது. முழுதும் அகற்றிக்கொண்டவர்களைப் போலவே இவர்களும் வாழ்கின்றனர் என்பதை, இத்தாலியின் மிலான் நகரிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வுகள் 2002-இல் உறுதிசெய்தன.

ஆயினும் ஓர் இடர் உண்டு. திருவண்ணாமலையில் அறுவை செய்துகொள்ளும் சகோதரி, சில மாதங்கள் கழித்து வேலூருக்கோ சென்னைக்கோ கதிர்வீச்சுக்காகச் செல்லக்கூடும். அப்போது கட்டி இராது, புண்ணும் ஆறியிருக்கும். வெளித்தழும்பு, உள்ளே கட்டியிருந்த இடத்திற்கு நேராகவே அமையும் என்பதற்கில்லை. புதிய மருத்துவர் எவ்வாறு இடமறிவார்?

இதற்காகவே அறுவை மருத்துவர், கட்டியை எடுத்த குழியின் சுவர்களில் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சின்னஞ்சிறு கிளிப்புகளைப் பொருத்துகிறார். அவை துருப்பிடிப்பதில்லை, உடலிலேயே தங்கிவிடலாம். மார்பகத்தில் நோய் மீளுமாயின் பெரும்பாலும் பழைய இடத்தருகிலேயே மீளும். கிளிப்புகள் சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதால், கூடுதல் கதிரை அவ்விடத்திற்கே செலுத்தலாம். இதயத்தையும் நுரையீரலையும் இயன்றவரை காக்கலாம்.

ஆகவே, "அடையாளக் கிளிப் வைப்பீர்களா, டாக்டர்?" என்று அறுவைக்கு முன்பே கேட்கத் தயங்கவேண்டாம். அறுவைக் குறிப்பின் படியைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துவோம். புண் ஆறிற்று என்று எண்ணிக் கதிர்வீச்சைக் கைவிடலாகாது. தனியே பேருந்தேறும் சகோதரிக்குப் பங்கிலிருந்து ஒருவர் துணை செல்வதும் அன்புப்பணியே அன்றோ!