கதையில் பிழைத்த மனைவி

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. பிரான்சுக்குப் போய்த் தங்கி எழுதிய அமெரிக்கர்களின் நாவல்களிலோ பக்கத்துக்குப் பக்கம் கிளாஸ்தான்!

அவர்களில் ஒருவர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு. 1934-ல் வந்த 'டெண்டர் இஸ் தி நைட்' நாவலில், மனநோய் டாக்டர் ஒருவர் தன் நோயாளி நிக்கோலையே கல்யாணம் பண்ணிக்கொள்கிறார். கடைசியில் அவள் தேறிவிடுகிறாள். டாக்டர் குடியால் சீரழிகிறார். பரவாயில்லையே, பெண் பிழைத்தாளே என்று தோன்றும்.

வீட்டில் நடந்தது வேறே. 1930-ல் மனைவி ஸெல்டா மனநோயால் சுவிட்சர்லாந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். குடியை விடும்படி டாக்டர் சொன்னதற்கு, ஒயினை மட்டும் அடியோடு விடமுடியாது என்று நீளமாகக் கடிதம் எழுதினார் கணவர்.

1932-ல் இன்னொரு ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, சில வாரங்களில் தங்கள் வாழ்க்கையை நாவலாக எழுதி முடித்தார் ஸெல்டா. வந்ததே கோபம் கணவருக்கு! தான் எழுத வைத்திருந்ததை மனைவி எடுத்துக்கொண்டாராம். மனைவியின் டைரியையும் கடிதங்களையும் தன் புத்தகங்களில் போட்டுக்கொண்ட மனுஷர்தான் இப்படிச் சொன்னார்! திருத்திய பிறகே அது அச்சேறியது.

ஸ்காட் 1940-ல், 44 வயதில் மாரடைப்பால் இறந்தார். கதையில் நிக்கோல் குணமாகி, வேறு ஒருவரை மணந்துகொண்டாள். ஸெல்டா 1948-ல், ஆஷ்வில் ஊரில் மனநோய் ஆஸ்பத்திரி தீப்பிடித்தபோது உள்ளேயே இறந்துபோனார்.