சூடு பிடித்ததல்ல, ஈஸ்ட்ரோஜன் குறைந்தது

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோவை ஸ்பின்னிங் மில்லிலோ வேலை பார்க்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்தால் வைத்தியம் தயாராக இருக்கும். "சூடு புடிச்சிருச்சுங், ரெண்டு இளநீ குடிச்சாப் போயிரும்." போகவில்லையென்றால் மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக். அடுத்த மாதமும் அதே எரிச்சல், அதே மாத்திரை.

மாதவிலக்கு நின்றபின் இது திரும்பத் திரும்ப வந்தால் வெயில்மேல் பழி போட முடியாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து உலர்கிறது. அந்தச் சுவரின் செல்களில் இருக்கும் கிளைகோஜன்தான் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. அது சுரக்கும் அமிலம்தான் காவல். தீனி குறைய, அமிலமும் குறைய, குடலில் இருக்க வேண்டிய ஈ.கோலை அங்கே குடியேறிச் சிறுநீர்ப்பாதையில் ஏறிவிடுகிறது. உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும் தொல்லை பலருக்குச் சில ஆண்டுகளில் தணியும். இந்த வறட்சி தானாகத் தணிவதில்லை.

1993-இல் ராஸ், ஸ்டாம் என்ற இரு மருத்துவர்கள் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த 93 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் க்ரீமைப் பிறப்புறுப்பின் உள்ளே வைத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 தொற்று, மருந்தில்லாத க்ரீம் வைத்தவர்களுக்கு 5.9.

இவ்வளவு தெரிந்தும் இந்தக் க்ரீமுக்கு ஏன் தயக்கம்? 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றுதான் காரணம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை விழுங்கியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியது. அந்த எச்சரிக்கையைக் க்ரீம் டியூப்பிலும் ஒட்டிவிட்டார்கள். அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் தினமும் 0.625 மில்லிகிராம். வெளிநாடுகளில் உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் மாத்திரையிலோ ஓராண்டு மொத்தமே 1.14 மில்லிகிராம். இரண்டும் ஒரே வகை ஈஸ்ட்ரோஜன் இல்லைதான். ஆனாலும் அளவு புரியும். நாற்பத்தைந்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான முடிவிலும், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜனால் மார்பகப் புற்றுநோயோ மாரடைப்போ கூடவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகமே அந்த எச்சரிக்கையை நீக்குவதாக அறிவித்தது. இருபது ஆண்டுப் பயம் வீண் என்பேன். கணக்கில்லாமல் விழுங்கும் ஆன்டிபயாடிக்தான் எனக்குப் பெரிய பயம்.

அதற்காகக் க்ரீமை மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கக் கூடாது. டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். எரிச்சலுக்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். க்ரீம் வைக்கும் வழக்கமான முறை: முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு இரவு. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். எரிச்சல் நின்றதென்று விட்டால் பழைய தொல்லை திரும்பும். தாம்பத்தியத்துக்கு முன் வழுவழுப்புக்காகத் தடவும் க்ரீம் இதுவல்ல. இந்தக் குறைந்த அளவுக்குப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், முக்கியமாக லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "தீட்டு திரும்ப வந்துருச்சு" என்று சும்மா இருக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். காரணம் தெரியும்வரை க்ரீம் வேண்டாம்.

சுகரும் பிரஷரும் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், அம்மிணி. டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.