கரிசல் மண்ணில் ஒரு கார் திருவிழா

அமெரிக்கா போகிறவர்கள் நயாகரா பார்ப்பார்கள், சுதந்திரதேவி சிலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, தலைமுதல் கால்வரை மண்ணை அப்பிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்ப வேண்டுமா? அதற்கும் ஓர் ஊர் இருக்கிறது. அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில். மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம். ரேஸ் மைதானத்து இருக்கைகளோ 20,000-க்கு மேல்! 1961-ல் தொடங்கிய 'நாக்ஸ்வில் நேஷனல்ஸ்' மண்தரைக் கார் பந்தயம் இங்கேதான் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது.

சிகாகோவில் உறவினர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அவருடைய பிக்கப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் மிசிசிப்பி ஆற்றைக் கடந்ததும் அயோவா. சற்று தூரத்தில் வால்காட். 1964-ல் தொடங்கிய ஒரு லாரி நிறுத்தம் இப்போது சின்ன டவுன்போல விரிந்து கிடக்கிறது. ரேஸ் கும்பலை அங்கேயே அடையாளம் காணலாம். எண் போட்ட டி-ஷர்ட், கூரையில் மடக்கு நாற்காலி, வாய் ஓயாத வாக்குவாதம். நேஷனல்ஸை 12 முறை வென்ற ஸ்டீவ் கின்சர் பெரியவரா, 11 முறை வென்ற டானி ஷாட்ஸ் பெரியவரா? இந்தப் பேச்சுக்கு முந்நூறு மைலும் போதவில்லை.

நியூட்டன் ஊரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும். 2006-ல் திறந்த பளபளப்பான தார் டிராக் ஒன்று அங்கே இருக்கிறது. பிக்கப் ஓட்டிய பெரியவர் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அதுவும் கார் ரேஸ்தானே?" என்றேன். "தார் ரோடு காலையில் எப்படியோ ராத்திரியும் அப்படித்தான். மண் அப்படியில்லை தம்பி" என்றார். ரெட் ராக் ஏரியின் நீண்ட பாலத்தைத் தாண்டினால் நாக்ஸ்வில். காலி இடத்திலெல்லாம் கூடாரம். தட்டை மீறி வழிகிற பன்றிக்கறி சாண்ட்விச்சுக்கு நீண்ட வரிசை.

தள்ளிவிட்டால்தான் ஓடும்

இங்கே ஓடுவது ஸ்பிரின்ட் கார். அதைப் பக்கத்தில் பார்த்தால் பாதியில் விட்ட வேலைபோல இருக்கும். இரும்புக் கம்பிக் கூண்டு, முன்னால் 410 கன அங்குல வி-8 எஞ்சின், தலைக்கு மேலே 25 சதுர அடியில் ஓர் இறக்கை. திறன் சுமார் 900 குதிரைசக்தி. ஓட்டுநரோடு சேர்த்தாலும் நம்மூர் சின்ன ஹேட்ச்பேக்கைவிட எடை குறைவு. கிளட்ச் கிடையாது, கியர்பாக்ஸ் கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. பின்னால் ஒரு டிரக் வந்து முட்டித் தள்ளும். சக்கரம் உருண்டு வேகம் பிடிக்கும்போது எஞ்சின் இரண்டு முறை இருமும். பிறகு ஒரே கர்ஜனை. காதடைப்பான் இல்லாமல் வந்தவர் பாடு திண்டாட்டம். எரிபொருள் மெத்தனால். பெட்ரோல் வாடையை எதிர்பார்த்து வருகிறவரின் மூக்கில் ஏதோ இனிப்பும் காட்டமும் கலந்து ஏறுகிறது.

பின்சக்கரம் வலது பக்கம் பெரிது, இடது பக்கம் சிறிது. வண்டி தானாகவே இடப்பக்கம் வளையும். திருப்பத்தில் பின்பகுதி வெளியே வழுக்கிக்கொண்டு போக, முன்சக்கரங்கள் வலப்பக்கம் பார்த்தபடி வண்டி இடப்பக்கம் திரும்பும். ஓட்டுநரோடு அவருடைய குழு வயர்லெஸ்ஸில் பேச முடியாது. மைதான நடுவில் நின்று கைச்சாடை காட்ட வேண்டியதுதான். தெறிக்கும் சேற்றில் பார்வை மறையாமலிருக்க ஹெல்மெட் கண்ணாடிமேல் அடுக்கடுக்காக மெல்லிய பிளாஸ்டிக் தாள். அந்த வேகத்திலும் ஒரு கையை எடுத்து, தாள் தாளாகக் கிழித்தெறிகிறார்கள்.

மண்ணின் மனசு

நாக்ஸ்வில் மண் கரிசல். பகலிலேயே தண்ணீர் லாரி ஓடும், வண்டிகளை உருட்டி மண்ணை இறுக்குவார்கள். தொடக்கச் சுற்றுகளில் தரை ஈரமாக, சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும். இரவு ஏற ஏற உள்பக்கம் காய்ந்து வழவழப்பாகும். பெயர்ந்த மண்ணெல்லாம் வெளிச்சுவர்ப் பக்கம் வரப்புபோல ஒதுங்கும். அதைத்தான் 'குஷன்' என்கிறார்கள். அதில் பின்சக்கரத்தைச் சாய்த்து ஓட்டினால் வேகம் கிடைக்கும். ஒரு சாண் தப்பினால் சுவர். உள்பக்கம் பத்திரமாகப் போவதா, வரப்பில் ஏறுவதா என்பதை ஒவ்வொரு சுற்றிலும் முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை இறுதிப் போட்டி 50 சுற்று. அரை மைல் வட்டத்தில் அத்தனை முறையும் மண் வேறு வேறு ஆளாக மாறுகிறது. பெரியவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

இரண்டாம் திருப்பத்தை ஒட்டி ஸ்பிரின்ட் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, 1992-ல் திறந்தது. பழைய கார்களைத் துடைத்துத் துலக்கி வைத்திருக்கிறார்கள். அங்கேதான் என் மனதில் ஒரு கேள்வி விழுந்தது. காரைக் காப்பாற்றி வைக்கலாம். டிராக்கை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?

பத்திரம் யார் பெயரில்?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆஸ்காட் பார்க் என்று ஒரு டிராக், கொடிகட்டிப் பறந்தது, 1990-ல் மூடினார்கள். ஃபீனிக்ஸில் மான்சனீட்டா, 2009-ல் அதுவும் போயிற்று. கதை ஒன்றேதான். டிராக் போடும்போது ஊருக்கு வெளியே காடு. ஊர் வளர்ந்து வந்து சுற்றி வளைக்கும். நிலத்தின் விலை ஏறும். வாரம் ஒருநாள் ரேஸ் நடத்தி டிக்கெட்டும் ஹாட் டாக்கும் விற்கிற வருமானம் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஒருநாள் கிரயப் பத்திரம் கைமாறும், அவ்வளவுதான். சத்தமும் புழுதியும் தாங்கவில்லை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூடிய டிராக்கைத் திரும்பத் திறந்து பார்த்தவர் அபூர்வம்.

நாக்ஸ்வில் தப்பியதற்கு ரசிகர்களின் அன்பு மட்டும் காரணமில்லை. அது மேரியன் மாவட்டத்துக் கண்காட்சித் திடல். டிராக்கை நடத்துவது லாப நோக்கமற்ற கண்காட்சிச் சங்கம். 'நல்ல விலை வந்தது, விற்றுவிட்டேன்' என்று தனி ஆள் ஒருவர் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத டிராக்குகள்தான் மாநிலம் மாநிலமாகச் சிதறிக் கிடக்கின்றன. நேஷனல்ஸில் நாம் கைதட்டும் ஓட்டுநர்கள் பிள்ளைப் பருவத்தில் ஓட்டிப் பழகியது அப்படிப்பட்ட இடங்களில்தான். அவை போனால் பத்து வருஷம் கழித்து நாக்ஸ்வில்லில் யார் ஓட்டுவார்கள்?

போதாக்குறைக்கு இப்போது பல ரேஸ்கள் போனில் நேரலையாக வருகின்றன. நடமாட முடியாத முதியவர்களுக்கு அது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் வாசல் டிக்கெட்டை நம்பியிருக்கும் சின்ன டிராக்குக்கு ஒவ்வொரு காலி இருக்கையும் விற்பனைப் பத்திரத்தை நோக்கி ஒரு படி.

அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள். மாற்றுத்துணி, காதடைப்பான், கண்ணுக்கு ஒரு கண்ணாடி அவசியம். முன்வரிசையைப் பெருமையாகப் பிடித்துவிடாதீர்கள். மண் முழுக்க அங்கேதான் விழும். இன்னொன்று: நேஷனல்ஸுக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாதீர்கள். அதற்குக் கூட்டம் எப்படியும் வரும். போகிற வழியில் வெள்ளிக்கிழமை இரவு ஏதாவது ஒரு சின்ன ஊரில் விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, ஒரு டிக்கெட் வாங்குங்கள். அந்த டிராக்கின் பத்திரம் கைமாறாமல் இருக்க உங்கள் பணம்தான் உதவும்.