ஆப்பிள் வந்த வழி – 9: வெள்ளை பூத்த நாற்றுகள்

ஆப்பிள் விதை தாய்மரத்தைப் போன்ற மரத்தைத் தராது என்று சென்ற வாரம் பார்த்தோம். (சீனத்து ஹூபெய் காட்டு ஆப்பிள் விலக்கு. கருவுறாமலே அது விதை கட்டும். நாற்றுகள் பெரும்பாலும் தாயின் அச்சாகவே இருக்கும்.) தோட்டக்காரர் ஒட்டுக் கட்டிச் சமாளித்துக்கொள்வார். புது ரகம் தேடுபவர் விதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். விதை இரண்டு மூன்று மாதம் ஈரக் குளிரில் கிடந்த பிறகே முளைக்கும். முளைத்த கன்று காய்க்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள். அத்தனை கன்றுகளையும் அவ்வளவு காலம் வைத்துப் பார்க்க எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. நாற்றுப் பருவத்திலேயே கழித்தாக வேண்டும். அதற்குக் கைகொடுக்கிறது சாம்பல் நோய்.

நம் திராட்சையிலும் உளுந்திலும் வரும் சாம்பல் நோய்க்கு இது உறவு. ஆப்பிளைப் பிடிக்கும் பூசணத்தின் பெயர் பொடோஸ்பேரா லூகோட்ரிக்கா. இலை நனையத் தேவையில்லை. காற்றில் ஈரப்பதமும் 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் போதும். கண்ணாடிக் கூடம் இதற்குத் தாய்வீடு. தோப்பில் குளிர்காலத்தை மொட்டுக்குள் பதுங்கிக் கழித்துவிட்டு, வசந்தத்தில் துளிரோடு வெளியே வரும்.

தளிரைத்தான் இது எளிதில் பிடிக்கும். முற்றிய இலையில் அவ்வளவாக ஏறாது. ஏமாறுகிற இடமும் இதுதான். மளமளவென்று வளரும் நாற்று தளிர்விட்டுக்கொண்டே இருப்பதால் நோய்க்கும் இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். வளர்ச்சி நின்றுபோன சவலைக் கன்றோ பளிச்சென்று தெரியும். அது தப்பித்த கன்று, எதிர்த்து நின்ற கன்று அல்ல.

எதிர்த்து நிற்கும் குணம் காட்டு இனங்களில் கிடைத்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நைட், ஆல்ஸ்டன் இருவரும் மாலஸ் ரோபஸ்டா, மாலஸ் சூமி ஆகிய இரண்டையும் 1968-இல் அடையாளம் காட்டினார்கள். பிஎல்-1, பிஎல்-2 என்ற மரபணுக்கள் இவற்றிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் ஓங்கு மரபணு. ஒரு பிரதி உள்ள மரத்தை, அது இல்லாத ரகத்தோடு சேர்த்தால் நாற்றுகளில் ஏறக்குறைய பாதிக்கு எதிர்ப்பு வரும். வெள்ளை பூத்ததைப் பிடுங்கு, பூக்காததை வை. கணக்கு சுலபம். ஆனால் இந்தக் காட்டு மரங்களின் காய் சின்னஞ்சிறியது. ருசியும் அளவும் திரும்ப, நல்ல ரகங்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அதிலேயே பல பத்தாண்டுகள் கரையும்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பிஎல்-2-ஐப் பூசணம் உடைத்துவிட்டது என்று பிரான்சின் சோதனைத் தோப்பு ஒன்றிலிருந்து 2005-இல் செய்தி வந்தது. ஒற்றை மரபணுவை நம்பினால் இதுதான் கதி. இப்போது இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே மரத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இன்னொரு வகை எதிர்ப்பும் உண்டு. பல சிறு மரபணுக்கள் கூடித் தரும் அது நாற்றைத் துப்புரவாக வைக்காது, நோயை மட்டுப்படுத்தும். பூசணத்தால் அதை அவ்வளவு சீக்கிரம் உடைக்கவும் முடியாது. ஆகவே, கொஞ்சம் வெள்ளை படிந்தும் வளர்ச்சி குன்றாத நாற்றை அவசரப்பட்டுப் பிடுங்குவது தவறு என்பதே என் கட்சி.