அப்பிளும் கறுவாவும் சேர்ந்த பணியாரம்

ஒல்லாந்து நாட்டிலே திசெம்பர் 31ஆம் நாள் வந்துவிட்டால், வீடுகள் பலவற்றில் எண்ணெய்த் தாச்சி அடுப்பேறும். பழைய ஆண்டை வழியனுப்பும் அந்த இரவில் அங்குள்ளோர் விரும்பி உண்ணும் பணியாரங்களுள் ஒன்று, அப்பிளை வளையமாக அரிந்து, மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பது. ‘அப்பெல்பென்யே’ என்பது அதன் பெயர். பொரித்ததன்மேல் சீனியும் கறுவாத் தூளும் தூவுவர்.

அந்தக் கறுவாவினால் இப்பணியாரத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் இங்கிருந்து கொண்டுபோன பண்டங்களுள் தலையாயது கறுவாவே. காட்டிலே உரித்த பட்டை போதாதென்று, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பைச் சூழத் தோட்டமாகவே நட்டனர். கறுவாத்தோட்டம் என்னும் பெயர் இன்றும் அந்நகரில் வழங்குகிறது. பட்டை உரித்த நம் நாட்டு மக்கள் பட்ட பாடு தனியொரு பேச்சுக்குரியது. இன்று அடுப்பங்கரையோடு நிற்போம்.

நேயர்களே, கறுவா நம்முடையது; அப்பிளோ கப்பலேறி வருவது. காசு கொடுத்து வாங்கிய மூன்று பழங்கள், பொரித்தெடுத்ததும் எண்ணெய் குடித்துத் துவண்டு கிடந்தால் யாருக்கும் மனம் வருந்தும். முதன்முறை செய்வோர் பலருக்கு நேர்வது இதுவே. காரணத்தை அறிந்துகொண்டால் தடுப்பது எளிது.

அப்பிளின் எடையில் நூற்றுக்கு 85 பங்கு நீராகும். சூடான எண்ணெயில் இட்டவுடன் அந்நீர் ஆவியாகி வெளியே பாயும். நாம் காணும் குமிழிகள் அவ்வாவியே. அது வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே புகுவது அரிது. எண்ணெய் போதிய சூடேறாவிட்டால் ஆவியின் வேகம் குன்றும்; மேல்மா இறுகுவதற்குள் எண்ணெயை உறிஞ்சிவிடும். இன்னொன்றும் உண்டு. தாச்சியிலிருந்து எடுத்தபின், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகையில், மேலே ஒட்டியுள்ள எண்ணெயைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பணியாரம் குடிக்கும் எண்ணெயிற் பெரும்பகுதி இவ்வாறு புகுவதே. ஆதலால் எடுத்த கணமே எண்ணெயை உதறி, கம்பித் தட்டிலோ தாளிலோ வடியவிடுதல் வேண்டும்.

இனிச் செய்முறை. இனிப்பு மிகுந்து மாவாகிப்போன பழம் ஆகாது. புளிப்பும் கடினமும் உள்ள பச்சைத்தோல் அப்பிளே ஏற்றது. அது சூட்டில் கரையாது நிற்கும், புளிப்பும் சீனியோடு பொருந்தும். மூன்று பழங்களைத் தோல் சீவி, நடுத்தண்டை விதையோடு குடைந்தெடுத்து, ஒரு சதமமீற்றர் தடிப்பில் வளையங்களாக அரிக. நடுவே துளையிருப்பதால் சூடு உள்ளிருந்தும் ஏறும். அரிந்த பழம் காற்றுப்பட்டுக் கபிலநிறமாகும். அதற்குச் சிறிது தேசிக்காய்ப் புளி பூசினாற் போதும். தோய்க்குமுன் ஈரத்தைத் துணியால் ஒற்றி, உலர்ந்த மாவில் ஒருமுறை புரட்டுக. இதைச் செய்யாதவர்களுக்கு மேல்மா வழுகி எண்ணெயிலே தனியாக மிதக்கும்.

150 கிராம் கோதுமை மாவை அரித்து, அரைத் தேக்கரண்டி அப்பத்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, ஒரு முட்டையும் 175 மில்லிலீற்றர் பாலும் சேர்த்துக் கரைக்க. தோசை மாவிலும் சற்றுத் தடிப்பாக இருத்தல் நன்று. நெடுநேரம் அடித்தால் மா இழுவையாகி மேல்தோல் கடினப்படும். சிறு கட்டிகள் இருந்தாலும் விட்டுவிடுக. கரைசலில் சீனி இடவேண்டாம். சீனி, பழம் வேகுமுன்னே கருகிவிடும்.

எண்ணெயின் சூடு 175 முதல் 180 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துளி கரைசலை விட்டுப் பார்க்கலாம். அது அடியிற் சென்று உடனே மேலெழுந்து குமிழிட்டால் பதம். சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் ஏறத்தாழ இச்சூட்டிலேயே புகையத் தொடங்கும். அதன் மணமும் அப்பிளின் மணத்தை மூடிவிடும். மணமற்ற வேறெண்ணெயே இதற்கு உகந்தது. தாச்சியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டாம். ஒருமுறையில் மூன்று நான்கு வளையங்களே இடுக. கூடுதலாக இட்டால் சூடு சட்டென இறங்கும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். எண்ணெயில் தீப்பற்றினால் நீர் ஊற்றுதல் பேராபத்து. அடுப்பை அணைத்து, தாச்சியை மூடியால் மூடுக.

நான்கு மேசைக்கரண்டி சீனிக்கு ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள் கலந்து, வளையங்கள் சூடாயிருக்கும்போதே தூவுக. கறுவாவை வீட்டிலே இடித்தல் சிறப்பு. மெல்லிய பல சுருள்கள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கி, விரலால் நொறுங்குவதே நம் நாட்டுக் கறுவா. ஒற்றைச் சுருளாய்த் தடித்து முறுகியிருப்பது வேறு மரத்தின் பட்டை, காரமும் மிகுதி.

இப்பணியாரத்தை மூடிவைத்தல் ஆகாது. தன் ஆவியிலேயே கால்மணி நேரத்தில் நனைந்துவிடும். ஆகையால் உண்பவர்கள் வந்து அமர்ந்தபின்னரே கடைசி ஈட்டைத் தாச்சியில் இடுக.